உத்தரவு கேட்டு நின்றவர்கள்

(சிதம்பரத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவு)



வேலை செய்யும் இடத்தில் மனிதனுக்கு மனிதன் இழைக்கும் கொடுமையைப் பற்றி இந்த ஆண்டு பேச வேண்டும் என்று எனக்குக் கட்டளை வந்தபோது, ஐக்கிய நாடுகள் சபையின் பிரகடனத்திலிருந்து தொடங்குவதுதான் சம்பிரதாயம் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அங்கும் வருவேன். ஆனால் நாம் கூடியிருப்பது சிதம்பரத்தில். ஓர் எசமானுக்கும் அவரிடம் ஏர் பிடித்த ஆளுக்கும் இடையே மூண்ட வழக்கொன்றைக் கீர்த்தனைகளாகப் பாடியும், கதாகாலட்சேபமாகக் கேட்டும், சினிமாவாகப் பார்த்தும், கண்ணீர் விட்டும் வந்திருக்கிற தமிழ்நாடு, அது வேலையைப் பற்றிய வழக்கு என்பதை மாத்திரம் சௌகரியமாக மறந்திருக்கிறது. அந்த வழக்கு முடிந்த இடமாகச் சொல்லப்படுவதோ இந்த ஊர். ஆகையால் தில்லையிலிருந்தே தொடங்குவது நியாயம்.

சேக்கிழார் பாடிய திருநாளைப்போவாருக்கு, அதாவது நந்தனாருக்கு, எசமான் என்று ஒருவர் கிடையாது. கொள்ளிடம் பாயும் மேற்காநாட்டு ஆதனூரில், ஊரார் விட்டிருந்த மானிய நிலத்தில் உண்டு, கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்து வாழ்ந்த அவர், தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று நாள் கடத்தியதற்குக் காரணம், தம் பிறப்பை நினைந்து அவரே கொண்ட தயக்கம். ஏழு நூற்றாண்டுகள் கழிந்தபின் கோபாலகிருஷ்ண பாரதியார் அதே சரித்திரத்தைக் கீர்த்தனைகளாக அமைத்து, காரைக்காலில் உத்தியோகத்திலிருந்த சீசையா என்ற பிரெஞ்சுக்காரரின் உதவியால் 1861 வாக்கில் அச்சேற்றியபோது, தடை நந்தனாரின் நெஞ்சுக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டது. வேதியர் என்ற பெயரோடு, நிலத்துக்குச் சொந்தக்காரராக, திண்ணையில் உட்கார்ந்துவிட்டது. பாரதியாரின் நந்தன் ஒரு பண்ணையாள். அவன் கேட்பது உத்தரவு. எசமானர் விதிக்கும் நிபந்தனை, நாற்பது வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போகலாம் என்பது. வேலி என்றால் இங்குள்ள விவசாயிகளுக்குத் தெரியும். நாற்பது வேலி என்பது ஏறத்தாழ 266 ஏக்கர். ஈசுவரனே பரிவாரங்களை அனுப்பி ஒரே இரவில் அதை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

பக்தியை ஒரு கணம் ஒதுக்கி வைத்துவிட்டு இதைக் கேளுங்கள். ஓர் ஆள் விடுமுறை கேட்கிறான். முதலாளி, செய்து முடிக்க முடியாத வேலையைச் சொல்லி, முடித்தால் போ என்கிறார். ஆளின் சாதியைச் சொல்லி, உனக்கெதற்கு இந்த ஆசை என்றும் ஏசுகிறார். தொழிலாளர் நீதிமன்றங்களின் கட்டுகளைப் புரட்டியவர்களுக்கு இது பழக்கமான சங்கதி. கடைசியில் விளைந்து கிடக்கும் வயலைக் கண்டு வேதியர் நந்தன் காலில் விழுந்ததும் சபையோருக்கு மனம் நிறைந்துவிடுகிறது. 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த படங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் அப்படித்தான் மனம் நிறைந்து வீடு திரும்பியிருப்பார்கள். ஆனால் நந்தன் போனபின் அந்தப் பண்ணையில் எஞ்சி நின்ற மற்ற ஆட்களுக்கு விடுமுறை கிடைத்ததா என்பதைக் கதை சொல்லவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை.

அந்த மற்ற ஆட்கள் கற்பனையானவர்கள் அல்லர். கீழணையிலிருந்தும் வீராணம் ஏரியிலிருந்தும் பாசனம் பெறும் இந்தச் சீமையில், காட்டுமன்னார்கோயிலிலிருந்து கடற்கரை வரை, நெல் விளைத்தவர்கள் அவர்கள். பண்ணையாள் என்றும் படியாள் என்றும் அழைக்கப்பட்ட அவர்களுடைய நிலையைப் பற்றி எழுதும்போது கூலியின் அளவைத்தான் சரித்திரக்காரர்கள் கணக்கெடுப்பது வழக்கம். களத்துமேட்டில் கூலி அளந்த விதத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த விதமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. காரியஸ்தர் மரக்காலைத் தூக்கிப் பிடித்து நெல்லைக் கொட்டுவாராம். ஆள் குந்தியிருந்து துண்டை விரித்து, பெண்ணானால் முந்தானையை ஏந்தி, வாங்கிக்கொள்ள வேண்டுமாம். மரக்கால் துணியில் பட்டுவிடக் கூடாது. பக்கத்தில் சிதறிய மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொள்வது ஆளின் பாடு. தோளில் கிடக்க வேண்டிய துண்டு எசமானைக் கண்டதும் இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்கிவிடும். செருப்பு என்ற ஒன்று இருந்தால் அது கைக்கு வந்துவிடும். நரைத்த தலை எசமான் வீட்டுச் சிறுவனை 'சின்ன ஆண்டே' என்று அழைக்கும். அந்தச் சிறுவன் நரைத்த தலையை 'வாடா' என்பான். இவற்றில் ஒன்றாவது பயிருக்கு உரமாகுமா? விளைச்சலில் ஒரு கலம் கூடுமா? உற்பத்திக்கு எள்ளளவும் பயன்படாத இந்த ஏற்பாடுகள் அனைத்தையும் தலைமுறை தலைமுறையாக அவ்வளவு கவனத்தோடு காப்பாற்றி வந்தார்கள் என்றால், அந்த வேலைத்தலத்தில் நெல்லோடு சேர்த்து வேறொன்றும் உற்பத்தியாகிக்கொண்டிருந்தது என்றே கொள்ள வேண்டும்.

1952-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, முதலில் அவசரச் சட்டமாகவும் பிறகு முறையான சட்டமாகவும், தஞ்சைக் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபோது பண்ணையாளை விரட்டிவிட முடியாதபடி அது தடுத்தது; கூலிக்கு ஒரு வரையறை செய்தது. பெயரே சொல்வதுபோல், தஞ்சை மாவட்டத்துக்கென இயற்றப்பட்ட சட்டம் அது. கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை மாவட்டம். வடக்கே, அன்று தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த சிதம்பரம் வட்டம். ஆற்றின் இரு கரையிலும் ஒரே நாற்று, ஒரே சேறு, ஒரே மரக்கால். பாதுகாப்பு மட்டும் ஆற்றைத் தாண்டவில்லை. தெற்குக் கரையில் பண்ணையாட்களின் சங்கங்கள் கிளர்ந்தெழுந்தன, அங்கே சட்டம் வந்தது. வடகரையில் அத்தனை வேகம் இல்லை, ஆகையால் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். எப்படியானாலும், சட்டம் வந்த கரையிலும் அது எட்டிய தூரம் கூலிதான். மரக்கால் எத்தனை என்று சட்டத்தில் எழுதலாம். எவ்வளவு உயரத்திலிருந்து கொட்டலாம் என்று எழுதுவதற்கு எந்தச் சட்டசபைக்கும் தோன்றவில்லை.

முற்றிலும் தோன்றவில்லை என்று சொல்வதும் தவறு. 1924-ஆம் ஆண்டிலேயே இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுத் தெருவில் நடக்கவும், பொதுக் கிணற்றை அணுகவும், சர்க்கார் அலுவலகங்களுக்குள் நுழையவும் எந்த வகுப்பினருக்கும் தடையில்லை என்பது அதன் சாரம். தெருவும் கிணறும் நம் நினைவில் நின்றுவிட்டன. அந்த வரிசையில் அலுவலகமும் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

இப்போது கடல் கடந்து போக வேண்டியிருக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கிற்று. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம், ஆர்க்காட்டு ஜில்லாக்களிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் பஞ்சமும் கடனும் துரத்தக் கப்பலேறியவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் ஒருவர் பாலசுந்தரம். 1894-இல் டர்பனில் அப்போதுதான் வக்கீல் தொழில் தொடங்கியிருந்த காந்தியின் முன், கந்தல் உடையோடு, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதபடி வந்து நின்றார். அடித்தவர் அவருடைய வெள்ளைக்கார எசமான். காந்தியிடம் குமாஸ்தாவாக இருந்த தமிழர் விஷயத்தை எடுத்துச் சொன்னார். வைத்தியரிடம் அத்தாட்சி வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துச் சென்று, எசமானுக்குத் தண்டனை வாங்கித் தருவதைவிட ஆளை அவரிடமிருந்து விடுவிப்பதே முக்கியம் என்று காந்தி முயன்றார். ஏனென்றால் சாதாரண வேலைக்காரன் வேலையை விட்டுப் போனால் அது சிவில் வழக்கு. ஒப்பந்தக் கூலி விட்டுப் போனால் அது கிரிமினல் குற்றம், சிறைதான். முடிவில் வேறோர் எசமானிடம் மாற்ற முடிந்தது. அந்த அளவுதான் முடிந்தது.

பல்லும் இரத்தமும் யாரையும் உருக்கும். காந்தியின் கண் தலைப்பாகையின்மேல் விழுந்தது என்பதுதான் விசேஷம். வெள்ளைக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனால் ஒப்பந்தக் கூலி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே கட்டாயமாக்கப்பட்டிருந்தது. இந்தியரான தம்மிடமும் பாலசுந்தரம் அதே முறையைக் கடைப்பிடித்ததைக் கண்டு, அதைக் கட்டிக்கொள்ளும்படி காந்தி சொன்னதையும், தயக்கத்தோடு கட்டிக்கொண்ட அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்ததையும் அவருடைய சுயசரிதையில் காணலாம். நம் பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பகுதியைப் படித்து வெள்ளையர்மேல் கோபம் கொள்கிறார்கள், கொள்ள வேண்டியதுதான். அதே 1894-இல், கொள்ளிடத்தின் இரு கரையிலும் எத்தனை துண்டுகள் கக்கத்துக்கு இறங்கின என்று யார் கணக்கு வைத்தார்கள்? நேட்டாலில் கழற்ற வைத்தவன் நிறத்தைச் சொன்னான். இங்கே இறக்க வைத்தவர் பிறப்பைச் சொன்னார். நேட்டாலுக்குப் போய்த்தான் குனியக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நிலையில் நம் ஆட்கள் கப்பலேறவில்லை என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

அதே டர்பன் நகரில் 2001-இல் இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டை ஐக்கிய நாடுகள் சபை கூட்டியது. இன ஒதுக்கலை ஒழிப்பதற்கான 1965-ஆம் ஆண்டு உடன்படிக்கை, நிறத்தையும் இனத்தையும் மட்டும் சொல்லி நிற்காமல், வமிசாவளியின் பெயரால் காட்டும் வேற்றுமையையும் சேர்த்துச் சொல்கிறது. இந்தியா 1968-இல் அதை ஏற்றுக்கொண்ட நாடு. இருந்தும் சாதியை அந்த மாநாட்டின் விவாதத்துக்குக் கொண்டுவரலாகாது, அது வேறு, இனம் வேறு என்று நம் அரசாங்கத்தின் தரப்பில் வாதாடினார்கள். அடுத்த ஆண்டே, அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு, சாதியும் அதில் அடங்கும் என்று தெளிவுபடுத்திவிட்டது. சாதியும் இனமும் ஒன்றா என்ற ஆராய்ச்சியை மானிடவியல் பண்டிதர்கள் சாவகாசமாக நடத்தட்டும். வீட்டுக் கழிவறையைத் திண்ணைப் பக்கம் வைப்பதா, கொல்லையில் வைப்பதா என்று விவாதிப்பதைப் போல, அழுக்கை எந்தத் தலைப்பின் கீழ்ப் பதிவது என்ற விவாதம் அது. அதனால் துர்நாற்றம் குறையாது.

இந்த வட்டாரத்துக்குத் திரும்புகிறேன். சுவாமி சகஜானந்தர் 1916-இல் இந்த ஊரில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் தொடங்கி, ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் கண்டதும், சட்டசபையில் பல்லாண்டு அவர்களுக்காகப் பேசியதும் நீங்கள் அறிந்ததே. அதிகம் பேசப்படாத இன்னொருவரைச் சொல்ல வேண்டும். காட்டுமன்னார்கோயில் தந்த எல். இளையபெருமாள், பள்ளியில் தம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று தனியே வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்தவர் என்று இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். 1952 முதல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவர், 1965-இல் மத்திய அரசு தீண்டாமை நிலவரத்தை ஆராய அமைத்த குழுவுக்குத் தலைவரானார். நாடு முழுவதும் சுற்றித் திரட்டிய அறிக்கை 1969-இல் வெளிவந்தது. கூலி உயர்வு கேட்ட சேரியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோன கீழ்வெண்மணிக் கொடுமை நடந்தது அதற்குச் சற்று முன், 1968 டிசம்பர் 25 அன்று.

அந்த அறிக்கையைப் பற்றிப் பேசும்போது கோயில் அர்ச்சகர் உத்தியோகம் பரம்பரைப் பாத்தியதையாக இருக்கக் கூடாது என்ற பரிந்துரையையே எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். அது முக்கியந்தான், தமிழ்நாட்டில் அதன்மேல் சட்டமும் வந்தது. ஆனால் வேலை என்ற நோக்கில் பார்த்தால் அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. சிலருக்குச் சில உத்தியோகங்கள் கிடையாது என்பது ஒரு கொடுமை. சிலருக்குச் சில வேலைகளை விட முடியாது என்பது மற்றொன்று. சாவு வீட்டுக்குப் பறையடிக்க வேண்டும், செத்த மாட்டைத் தூக்க வேண்டும், குழி வெட்ட வேண்டும், துக்கச் செய்தி சொல்ல ஊர் ஊராக ஓட வேண்டும். இவற்றுக்குக் கூலி என்று ஒன்று பேசப்படுவதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியாது. இளையபெருமாளும் அவரைப் போன்றவர்களும் தென்னார்க்காட்டுச் சேரிகளில் முன்னின்று நடத்திய கிளர்ச்சி, இனி இதைச் செய்ய மாட்டோம் என்று சொல்லும் கிளர்ச்சி. கூலி உயர்த்திக் கொடு என்று கேட்டிருந்தால் ஊர் பேரம் பேசியிருக்கும். மாட்டேன் என்றதும் ஊர் கொதித்தது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976-இல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியபோது, மலம் அள்ளவும் செத்த விலங்கை அகற்றவும் தீண்டாமையின் பேரால் நிர்ப்பந்திப்பது குற்றம் என்று தனிப் பிரிவு சேர்ந்ததற்குப் பின்னால் இந்த மாதிரிச் சேரிகளின் 'மாட்டேன்' இருக்கிறது.

இங்கே ஓர் இடைப்பேச்சு. இன்றைய இளைஞர்கள் பறையை மேடையேற்றி, கல்லூரி விழாக்களில் பெருமையோடு முழக்குகிறார்கள். இது அந்தக் கிளர்ச்சிக்கு விரோதமென்று மூத்தவர்கள் சிலர் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விரும்பி அடிப்பவன் விரும்பாத நாளில் கீழே வைத்துவிடலாம். அன்று பாட்டனுக்கு அது முடியாது.

இனி, சமீப காலத்துக்கு வருகிறேன். இங்கிருந்து புவனகிரிப் பக்கம் போனால் தெற்குத் திட்டை என்று ஓர் ஊராட்சி. 2019 டிசம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட அதன் தலைவர் பதவிக்கு ஆதிதிராவிடர் சமூகத்துப் பெண்மணி ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் நாடெங்கும் பரவிற்று. ஊராட்சி மன்றக் கூட்டம் நடக்கிறது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். தேசியக் கொடியை ஏற்றவும் தம்மை விடவில்லை என்று அவர் சொன்னார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி போலீசார் வழக்குப் பதிந்தார்கள்; ஊராட்சிச் செயலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்.

இந்தச் சம்பவத்தைக் கிராமத்து அறியாமை என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. அதில் நுட்பமான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. சட்டப்படி அந்தக் கட்டடத்தில் அவரே முதல்வர். காசோலைக்குக் கையெழுத்து அவருடையது. செயலர் அவருக்குக் கீழ் வேலை பார்ப்பவர். ஆகவே பதவியைப் பறிக்க முடியாது, சம்பளத்தைக் குறைக்க முடியாது, வேலையை விட்டு விரட்ட முடியாது. இவை அனைத்தையும் அரசியலமைப்புச் சட்டம் அடைத்துவிட்டது. எஞ்சியிருந்தது ஒரு நாற்காலி. அதை மட்டும் எடுத்துவிட்டால் மற்றவை எல்லாம் தாமே பழைய முறைக்குத் திரும்பிவிடும் என்பது, களத்துமேட்டில் மரக்காலைத் தூக்கிப் பிடித்தவரின் பேரப்பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 'நாங்கள் உட்காரச் சொன்னோம், அவரேதான் தரையில் உட்கார்ந்தார்' என்பது இத்தகைய இடங்களில் வழக்கமாக வரும் சமாதானம். சில சமயம் அது உண்மையாகவே இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் மறுநாள் தெருவில் என்ன நேரும் என்று தெரிந்தவர், சொல்லாமலே தரையில் உட்காருவார். பாலசுந்தரம் காந்தியின் முன்னாலும் தலைப்பாகையைக் கழற்றி நின்றதைப் போலத்தான்.

1924-இல் அலுவலகத்துக்குள் நுழையலாம் என்று சட்டசபை சொன்னது. உள்ளே நுழைந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை என்ற செய்தி வந்தபோது 96 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022 ஆகஸ்டில், சுதந்திர தினத்தன்று பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத நேர்ந்தது. இதில் சட்டத்தைக் குறை சொல்ல இடமில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ தம் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பது குற்றம் என்று, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. தெற்குத் திட்டைப் புகைப்படத்துக்கு நாலு வருஷம் முன்னாலேயே அந்தக் காட்சியைச் சட்டம் எழுதியவர்கள் கண்டுவிட்டார்கள்.

கிராமத்தைப் பேசிவிட்டு நகரத்தைத் தப்பவிடலாகாது. தேநீர்க்கடைகளில் இரட்டைக் குவளை முறையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். ஒரு தனியார் அலுவலகத்தில் நான் கண்டது இது: மாலை நேரத்துத் தேநீர் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் வரும், துப்புரவுப் பணிப் பெண்மணிக்கு மட்டும் காகிதக் குவளை. காரணம் கேட்டால், அவருக்கு அதுதான் சௌகரியம், கழுவ வேண்டாமே என்றார்கள். டம்ளரைக் கழுவுகிறவரே அவர்தான். பிறகு எல்லோருக்கும் காகிதக் குவளை வந்துவிட்டது. சிக்கனத்துக்காக வந்தது, சமத்துவத்துக்காக வரவில்லை. அதனால் அந்த அலுவலகத்தில் வேற்றுமை ஒழிந்ததா, அல்லது கண்ணில் படாத வேறிடத்துக்குப் போயிற்றா என்று எனக்கு நிச்சயமில்லை. சிறைச்சாலையும் வேலைத்தலந்தான். அங்கே சாதி பார்த்து, சிலருக்குச் சமையலும் சிலருக்குத் துப்புரவும் ஒதுக்கும் விதிகள் செல்லாது என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியரசாகி எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, சர்க்காரின் சொந்த விதிப்புத்தகத்திலேயே அது அச்சில் இருந்தது என்பதை நினைத்தால் காகிதக் குவளைக்காரர்களை நாம் அதிகம் கோபிப்பதற்கில்லை.

படித்து, பரீட்சையில் தேறி, விமானமேறிப் போனவர்களிடையே இது இராது என்ற நம்பிக்கையும் நமக்கிருந்தது. 2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியா மாநிலத்தின் அரசுத் துறையொன்று சிஸ்கோ நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடர்ந்தது. தலித் வகுப்பைச் சேர்ந்த பொறியாளர் ஒருவரை, உயர்சாதி இந்தியர்களான மேலதிகாரிகள் சாதி காரணமாக ஒதுக்கினார்கள், இட ஒதுக்கீட்டில் படித்தவர் என்று சக ஊழியர்களிடம் சொன்னார்கள், முறையிட்டபின் அவருக்கு வேலையில் இடையூறு செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. மேலதிகாரிகள்மேல் இருந்த வழக்கை 2023-இல் அரசுத் துறையே கைவிட்டது. ஆகவே அந்த வழக்கின் உண்மைபற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஒட்டி, 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதி வேற்றுமையைத் தன் சட்டத்தில் பெயர் சொல்லித் தடை செய்தது. கலிபோர்னிய சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநர் திருப்பிவிட்டார். நம்மவர்கள் அங்கே கொண்டுபோன சாமான்களில் எது சுங்கச்சாவடியில் பிடிபட வேண்டியது என்று அமெரிக்கர்கள் விவாதிக்கும் நிலை வந்துவிட்டது.

அந்த விவாதம் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொரு காரணத்தால். சியாட்டிலில் ஒரு தனியார் கம்பெனி ஊழியர் சாதியின் பெயரால் வேலையில் ஒதுக்கப்பட்டால், சிவில் முறையில் நிவாரணம் கேட்க நகரச் சட்டத்தில் வழியிருக்கிறது. கடலூர் சிப்காட்டில் ஓர் ஊழியருக்கு அது நேர்ந்தால் என்ன வழி? அரசியலமைப்பின் 15, 16-ஆம் விதிகள் பெரும்பாலும் அரசைப் பார்த்துச் சொல்பவை. வேலையில் வேற்றுமை கூடாதென்ற, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960-இலேயே ஏற்றிருந்தும், தனியார் நிறுவனங்களுக்குச் சாதிபற்றி அப்படியொரு பொதுச் சட்டம் இங்கே எழவில்லை. எச்.ஐ.வி. தொற்றுள்ளவரைத் தனியார் முதலாளியும் ஒதுக்கக் கூடாது என்று 2017-இல் சட்டம் செய்தோம். திருநருக்கு 2019-இல் செய்தோம். சாதிக்கு உள்ளது வன்கொடுமைச் சட்டம். அது வலிமையானது, அவசியமானது. ஆனால் அதன் வாசல் காவல் நிலையம். சம்பள உயர்வு தராமல் விட்டதற்கும், கூட்டத்துக்கு அழைக்காமல் விட்டதற்கும், தனிக் குவளைக்கும் காவல் நிலையத்துக்குப் போய் மேலதிகாரிமேல் கிரிமினல் புகார் கொடுக்க எத்தனை பேர் துணிவார்கள்? அடுத்த மாதச் சம்பளத்தை நம்பி வாழ்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பெண்கள் விஷயத்தில் நாம் ஒரு வழி கண்டுபிடித்தோம். 1997-இல் விசாகா வழக்கில் உச்சநீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. 2013-இல் அது சட்டமாயிற்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் புகார்க் குழு; தலைமை மூத்த பெண் அலுவலருக்கு; உறுப்பினரில் பாதியாவது பெண்கள்; வெளியாள் ஒருவர்; 90 நாளில் விசாரணை. குறைகள் உண்டு, பல இடங்களில் குழு காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்பதும் தெரியும். ஆயினும் காவல் நிலையத்துக்கும் வாய்மூடி இருப்பதற்கும் நடுவே ஒரு வாசல் திறந்தது. அதே சிப்காட் ஆலையில், அதே பெண்ணை, அதே மேற்பார்வையாளர் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் அந்தக் குழு அதை எடுத்துக்கொள்ளாது. அதன் அதிகாரத்தில் அது இல்லை.

நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை காத்திருக்க வேண்டும் என்று இதற்கு நிர்ப்பந்தம் இல்லை. இருக்கிற குழுவோடு இன்னொரு குழுவை, அதே அமைப்பில், தலைமையும் பாதி உறுப்பினரும் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியராக இருக்கும்படி, தன் நிலையாணைகளிலோ ஊழியர் விதிகளிலோ சேர்த்துக்கொள்ள எந்த ஆலைக்கும் எந்தக் கல்லூரிக்கும் தடையில்லை. முறையிட்டவர்மேல் பழி வாங்கினால் அதுவே தனிக் குற்றம் என்று எழுதிக்கொள்ளவும் தடையில்லை. வேலை ஒதுக்கீடு, இருக்கை, உணவு, குடிநீர், விடுமுறை ஆகிய ஐந்தையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். பொதுவாக 'வேற்றுமை கூடாது' என்று எழுதினால் எந்த மேற்பார்வையாளரும் அதைத் தம்மைப்பற்றியதாக எடுத்துக்கொள்ள மாட்டார். இந்தச் சபையில் கடலூர்த் தொழிற்சாலைகளிலிருந்து நிர்வாகிகள் சிலர் வந்திருப்பதாகத் தலைவர் சொன்னார். இரண்டு பக்கத்தில் ஒரு வரைவு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பிரதிகள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. படித்துப் பார்த்து, எந்த வாக்கியத்தை உங்கள் வக்கீல்கள் ஆட்சேபிப்பார்கள் என்பதைக் கூட்டம் முடிந்ததும் எனக்குச் சொன்னால், இன்றிரவே உட்கார்ந்து அதைத் திருத்தித் தரத் தயாராயிருக்கிறேன்.